20-வது ஆண்டுக் கணக்கு: படை விமானி எப்போது பணியை விடலாம்? முழுமையான வழிகாட்டி

அமெரிக்க விமானப்படை தன் விமானிகளைத் தக்கவைக்க ஆண்டுக்கு 50,000 டாலர் வரை போனஸ் கொடுக்கிறது என்ற செய்தி வரும்போதெல்லாம் தாம்பரத்திலும் அரக்கோணத்திலும் பணியாற்றும் அதிகாரிகளின் வீடுகளில் ஒரே கேள்விதான்: நமக்கு ஏன் அப்படி ஒன்று இல்லை? இந்தியப் படைகளில் அந்தப் பெயரில் காசோலை கிடையாது. ஆனால் அதே வேலையைச் செய்யும் தொகை ஒன்று உண்டு. 20 ஆண்டு தகுதிச் சேவை முடித்த அதிகாரிக்குக் கிடைக்கும் முழு ஓய்வூதியம்தான் அது. அதை ரூபாயில் எழுதிப் பார்க்காமலேயே பலர் 15-வது, 16-வது ஆண்டில் ஏர்லைன்ஸ் பக்கம் திரும்புகிறார்கள். அந்தக் கணக்கை எப்படிப் போடுவது, எந்த வேலையை எந்த வரிசையில் செய்வது, எங்கே சறுக்கும் என்பதைக் கீழே சொல்கிறோம்.

முதலில்: போனஸ் எப்படி வேலை செய்கிறது

அமெரிக்காவில் விமானப்படை விமானி, பறத்தல் பயிற்சி முடித்த நாளிலிருந்து 10 ஆண்டு கட்டாயமாகப் பணியாற்ற வேண்டும். அது முடியும்போது வயது முப்பத்துச் சொச்சம். 20 ஆண்டு ஓய்வூதியம் அங்கேயும் உண்டு, ஆனால் இன்னும் வெகுதூரத்தில். ஏர்லைன்ஸ் அழைப்பு மட்டும் மிக அருகில். இந்த இடைவெளியை அடைக்கத்தான் போனஸ். சட்ட உச்சவரம்பு ஆண்டுக்கு 25,000 டாலராக இருந்தது; 2017 நிதியாண்டுச் சட்டத்தில் 35,000, 2023 நிதியாண்டுச் சட்டத்தில் 50,000 ஆனது. உச்சவரம்பு எல்லோருக்கும் கிடைப்பதில்லை. எந்த வகை விமானம், எத்தனை ஆண்டு ஒப்பந்தம் என்பதைப் பொறுத்துத் தொகை மாறும். கையெழுத்திட்டவர் ஒப்பந்தக் காலத்தை முடிக்காமல் போனால், முடிக்காத ஆண்டுகளுக்கான பணத்தைத் திருப்பிக் கட்ட வேண்டியிருக்கும். கடற்படையில் விமானம் ஓட்டாத பறத்தல் அதிகாரிகளுக்கும், அதாவது நம் கடற்படையின் அப்சர்வர்களுக்கு நிகரானவர்களுக்கும், இந்தப் போனஸ் உண்டு.

இதில் நமக்குப் பயன்படும் பாடம் ஒன்றுதான். ஓய்வூதியத்தின் இழுவிசை 8-வது, 10-வது ஆண்டில் பலவீனமாக இருக்கும்; 16-க்குப் பிறகு மிகவும் கூடிவிடும்; 20 முடிந்த மறுநாள் ஏறக்குறைய மறைந்துவிடும். அமெரிக்கா அந்தப் பலவீனமான பகுதியைப் பணத்தால் அடைக்கிறது. இங்கே அனுமதி என்ற பூட்டு அதை அடைக்கிறது: நிரந்தரக் கமிஷன் அதிகாரி விருப்பப்பட்டு முன்கூட்டியே பிரிய பி.எஸ்.எஸ் (முன்கூட்டியே பணியிலிருந்து பிரிதல்) விண்ணப்பம் போட வேண்டும். கொடுப்பதும் மறுப்பதும் தலைமையகத்தின் முடிவு. 2015-ல் 486 ஆக இருந்த விமானிகள் பற்றாக்குறை 2021 இறுதியில் 596 ஆகக் கூடியதாகத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கையே சொன்னது. இந்த நிலையில் பறக்கும் தகுதியுள்ள ஒருவரைத் தலைமையகம் எளிதில் விடாது.

படி 1: நீங்கள் எந்த வகை அதிகாரி?

மற்ற எல்லாமே இதைப் பொறுத்தது. குறுகிய காலக் கமிஷனில் வந்த வான்படை விமானிக்கு 14 ஆண்டு. நீட்டிப்பு கிடையாது, ஓய்வூதியமும் கிடையாது. முடித்த ஒவ்வோர் அரையாண்டுக்கும் அரை மாத ஊதியம் என்ற கணக்கில் இறுதிப் பணிக்கொடை வரும்; 14 ஆண்டுக்கு அது 14 மாத ஊதியம். ஒப்பந்தக் காலத்தை முழுதாக முடித்து வெளியேறினால் முன்னாள் படைவீரர் தகுதி உண்டு. 2019 முதல் முன்னாள் படைவீரர்களுக்கான இசிஎச்எஸ் மருத்துவத் திட்டத்திலும் கட்டணம் செலுத்திச் சேரலாம். உங்களுக்கு 20-வது ஆண்டுக் கணக்கு தேவையில்லை. 11-வது ஆண்டிலேயே படி 4-ஐத் தொடங்குங்கள். வெளியேறும் நாள் முன்கூட்டியே தெரியும் என்பது உங்களிடம் இருக்கும் பெரிய வசதி.

நிரந்தரக் கமிஷன் அதிகாரி என்றால் தொடர்ந்து படியுங்கள். 20 ஆண்டுக்கு முன் சொந்த விருப்பத்தில் ஓய்வூதியம் இல்லாமல் பிரிந்தால் பணம் மட்டும் போவதில்லை. முன்னாள் படைவீரர் தகுதியும் போகும். அதோடு இசிஎச்எஸ், கேன்டீன், மறுவேலைச் சலுகைகள் என்று வரிசையாக எல்லாம் போகும். இதைப் பலர் பிரிந்த பிறகுதான் கவனிக்கிறார்கள்.

படி 2: ஓய்வூதியத்தை ரூபாயில் எழுதுங்கள்

உதாரணத்துக்கு, 22 வயதில் கமிஷன் பெற்று, 42 வயதில் 20 ஆண்டு முடிக்கும் விங் கமாண்டர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். ஊதிய நிலை 12ஏ. பேசிக் 1,44,700 ரூபாய், ராணுவச் சேவை ஊதியம் 15,500. கூட்டினால் 1,60,200. அகவிலைப்படி 55 விழுக்காடு என்று வைப்போம். நீங்கள் கணக்குப் போடும் நாளின் விழுக்காட்டை இட்டு மாற்றிக்கொள்ளுங்கள்.

ஓய்வூதியம் அதில் பாதி: 80,100. அகவிலை நிவாரணத்தோடு மாதம் சுமார் 1,24,000, ஆண்டுக்கு 14.9 லட்சம். பறத்தல் படி ஓய்வூதியக் கணக்கில் சேராது. அதிகாரிகளுக்கு 25,000 ஆக இருந்து, அகவிலைப்படி 50 விழுக்காட்டைத் தொட்டபோது 25 விழுக்காடு கூடிய அந்தப் படி, பறக்கும் வரையில்தான் உங்களுடையது. கையில் வரும் மொத்தச் சம்பளத்தில் பாதி ஓய்வூதியமாக வரும் என்று நினைத்து வீட்டுக் கடன் எடுப்பவர்கள் இங்கேதான் சிக்குகிறார்கள்.

பணிக்கொடை: முடித்த ஒவ்வோர் அரையாண்டுக்கும் கால் மாத ஊதியம், அகவிலைப்படியும் சேர்த்து. 20 ஆண்டுக்கு 40 அரையாண்டு, அதாவது 10 மாத ஊதியம். நம் உதாரணத்தில் 24.83 லட்சம். உச்சவரம்பு 2024 ஜனவரி முதல் 25 லட்சம் என்பதால் இன்னும் சில மாதச் சேவை கூடினாலும் இந்தத் தலைப்பில் பெரிதாக எதுவும் ஏறாது. சேர்த்து வைத்த விடுப்புக்கு அதிகபட்சம் 300 நாள் ஊதியம் தனி. டிஎஸ்ஓபி, அதாவது படை அதிகாரிகளின் வருங்கால வைப்பு நிதி, உங்கள் சொந்தச் சேமிப்பு. அதை எந்தப் பக்கத்திலும் சேர்க்காதீர்கள்.

இனி ஓய்வூதியத்தின் இன்றைய மதிப்பு. அகவிலை நிவாரணம் விலைவாசியோடு ஏறுவதால், விலைவாசி உயர்வு போக 2 விழுக்காடு வட்டி என்று வைத்தால் போதும். ஓய்வூதியம் 35 ஆண்டு வரும் என்று கொண்டால் அதன் பெருக்கல் எண் ஏறக்குறைய 25. 14.9 லட்சத்தை 25 ஆல் பெருக்கினால் 3.72 கோடி. வங்கி வைப்பு நிதியின் 7 விழுக்காட்டை இங்கே போட்டால் ஓய்வூதியம் மிகச் சிறியதாகத் தெரியும்; அது தவறான கணக்கு. விலைவாசியோடு ஏறும் வருமானத்தை, ஏறாத வருமானத்தின் வட்டியால் கழிக்கக் கூடாது.

படி 3: காத்திருப்பின் விலையை எதிரே வையுங்கள்

ஏர்லைன்ஸுக்கு நான்கு ஆண்டு தாமதமாகப் போனால் இழப்பது என்ன? முதல் நான்கு ஆண்டு ஃபர்ஸ்ட் ஆபிசர் (துணை விமானி) சம்பளம் என்பார்கள். அப்படியில்லை. பணிமூப்பு முறையில் நீங்கள் இழப்பது கடைசி நான்கு ஆண்டு கேப்டன் சம்பளத்தை, ஏனென்றால் 65 வயது வரம்பு நகராது. கேப்டனுக்கு ஆண்டுக்கு 80 லட்சம் என்று ஓர் அனுமானம் வைப்போம். தொடக்க ஆண்டுகளில் ஃபர்ஸ்ட் ஆபிசர் சம்பளமும் படைச் சம்பளமும் ஏறக்குறைய சமம் என்றும் கொள்வோம். உங்கள் கையில் உண்மையான ஆஃபர் இருந்தால் இரண்டு எண்களையும் மாற்றுங்கள்.

16-வது ஆண்டில், 38 வயதில் நிற்பவர்: காத்திருந்தால் 61 முதல் 65 வயது வரையிலான நான்கு கேப்டன் ஆண்டுகள் போகும். 3.2 கோடி, அதன் இன்றைய மதிப்பு சுமார் 1.95 கோடி. கிடைப்பது, நான்கு ஆண்டு தள்ளிப் பார்க்கும் ஓய்வூதியம், சுமார் 3.44 கோடி. இருப்பது லாபம், அதுவும் கணிசமான லாபம். மீதமுள்ள நான்கு ஆண்டுக்கும் ஓய்வூதியத்தைப் பங்கிட்டால் ஆண்டுக்கு 86 லட்சம். அமெரிக்க உச்சவரம்பு 50,000 டாலரை ஒரு டாலர் 85 ரூபாய் என்று மாற்றினால் 42.5 லட்சம்தான். ஒப்பிட்டுப் பாருங்கள்.

10-வது ஆண்டில், 32 வயதில் நிற்பவர்: பத்து கேப்டன் ஆண்டுகள், 8 கோடி, இன்றைய மதிப்பு சுமார் 4.6 கோடி. ஓய்வூதியம் பத்து ஆண்டு தள்ளி, சுமார் 3.06 கோடி. காகிதத்தில் ஏர்லைன்ஸ் ஜெயிக்கிறது. ஆனால் அந்த 4.6 கோடி, 65 வயது வரை கிளாஸ் 1, அதாவது ஏர்லைன் விமானிக்குத் தேவையான மருத்துவத் தகுதி, ஒருமுறைகூடத் தவறாது என்ற நிபந்தனையோடு வருகிறது. ஓய்வூதியத்துக்கு அந்த நிபந்தனை இல்லை. அந்த வயதில் பி.எஸ்.எஸ் கிடைப்பதும் அரிது.

20 முடிந்தவர்: இங்கேதான் எங்கள் அழுத்தம். அதற்குப் பிறகு இருக்கும் ஒவ்வோர் ஆண்டும் ஓய்வூதியத்தைச் சுமார் 3 விழுக்காடு கூட்டும். இன்றைய மதிப்பில் 11 லட்சம். எதிர்ப்பக்கத்தில் அந்த ஆண்டின் ஓய்வூதியம் 14.9 லட்சமும் இன்னொரு கேப்டன் ஆண்டும் போகிறது. பணத்தை மட்டும் பார்த்தால் விடை தெளிவு. ஸ்குவாட்ரன் தலைமை, குரூப் கேப்டன் பதவி, போர் விமானம் என்று பணத்தில் அடங்காதவற்றுக்காக இருப்பவர்கள் இருக்கட்டும். அது முழுக்க மதிப்புக்குரிய முடிவு. எவ்வளவு விட்டுக்கொடுக்கிறோம் என்று தெரிந்து எடுத்தால் போதும்.

இந்தக் கணக்கைக் குலைக்கும் ஒன்று உண்டு: ஒரே பதவி, ஒரே ஓய்வூதியத் திட்டம். 2015 நவம்பர் 7 ஆணைப்படி, அதற்குப் பிறகு சொந்த விருப்பத்தில் முன்கூட்டியே பிரிபவர்களுக்கு அந்தப் பலன் கிடையாது. ஐந்தாண்டுக்கு ஒருமுறை உங்கள் பேட்ச் அதிகாரிகளின் ஓய்வூதியம் சமன்படுத்தப்படும்போது உங்களுடையது நின்ற இடத்தில் நிற்கும். இது தொடர்பாகத் தீர்ப்பாயங்களில் வழக்குகள் நடந்துள்ளன. விண்ணப்பம் போடும் முன் அன்றைய நிலையைப் படைத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வில் வாதாடும் வழக்கறிஞர் ஒருவரிடம் கேட்டுவிடுங்கள்.

படி 4: சிவில் பக்கத்தைத் தயார் செய்யுங்கள், சரியான வரிசையில்

வரிசை இதுதான்: மருத்துவம், தேர்வு, உரிமம், ஆஃபர், கடைசியாகப் பி.எஸ்.எஸ் தாள். இதைத் தலைகீழாகச் செய்பவர்கள்தான் அதிகம் அடிபடுகிறார்கள். கையில் தாள் கிடைத்த பிறகு காது கேட்கும் திறன் குறைவு என்று கிளாஸ் 1 தள்ளிப்போனால், சம்பளம் இல்லாத மாதங்கள் தொடங்கிவிடும்.

மருத்துவம்: படையில் முழு உடல்தகுதியைக் குறிக்கும் ஏ1ஜி1 வகை, சிவில் கிளாஸ் 1 ஆகத் தானாக மாறாது. முதலில் டிஜிசிஏ (சிவில் விமானப் போக்குவரத்து இயக்ககம்) அங்கீகரித்த மருத்துவரிடம் கிளாஸ் 2. பிறகு கிளாஸ் 1 முதல் பரிசோதனை. அதற்கான மையங்களில் ஒன்று பெங்களூரு வான்மருத்துவ நிறுவனம். சிக்கல் வருவது பெரும்பாலும் செவித்திறன், முதுகெலும்பு, ரத்த அழுத்தம், சர்க்கரை. ஹெலிகாப்டர் விமானிகளுக்கு முதுகு, போர் விமானிகளுக்குக் கழுத்து. உள்ளே போகும் முன் வெளியில் ஒரு ஆடியோகிராமும் ரத்தப் பரிசோதனையும் செய்து பாருங்கள்.

தேர்வு: டிஜிசிஏ கணினி எண் பெற்று, ஆன்லைனில் பதிவுசெய்து எழுத வேண்டும், சென்னையிலேயே மையம் உண்டு. தேர்ச்சி 70 விழுக்காடு. படை விமானிகள் தடுக்கி விழுவது பெரும்பாலும் விமானப் போக்குவரத்து விதிகள் தாளில்தான். வழிசெலுத்தலும் வானிலையும் நன்றாகத் தெரியும் என்பதால் விதிகளுக்கு நேரம் ஒதுக்காமல் போய்விடுவார்கள். விதிகள் தாள் சிவில் வான்வெளி, உரிமம், பயணிகள் சட்டம் பற்றியது. பறந்த அனுபவம் அங்கே உதவாது. ரேடியோ உரிமமும், ஆங்கிலத் திறனில் குறைந்தது நிலை 4-ம் தேவை. எல்லாவற்றுக்கும் கமாண்டிங் ஆபிசரின் எழுத்து அனுமதியை முதலில் வாங்கி வையுங்கள்.

பறந்த மணி: வணிக விமானி உரிமத்துக்கு 200 மணி, ஏர்லைன் கேப்டனுக்கான ஏடிபிஎல் உரிமத்துக்கு 1,500. மொத்தத்தை மட்டும் பார்த்து நிம்மதி அடையாதீர்கள். தனிப்பொறுப்பில் பறந்தது, இரவு, கருவிப் பறத்தல், தொலைவழிப் பயணம் என்று உட்பிரிவுகள் உண்டு. ஏஎன்-32, சி-130 ஓட்டுபவருக்கு அவை இயல்பாக நிரம்பியிருக்கும். போர் விமானிக்கு ஒரு பறத்தல் பெரும்பாலும் ஒரு மணி நேரத்தைச் சுற்றி என்பதால், பறத்தல்கள் நிறைய இருந்தும் மணி குறைவாகவே இருக்கும். ஒற்றை எஞ்சின் தேஜஸ் ஓட்டுபவர் பல எஞ்சின் தகுதியைத் தனியாகப் பெற வேண்டும். லாக்புக் ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்தும் முத்திரையும் இருக்கட்டும். பழைய யூனிட்டின் கையெழுத்தைப் பத்து ஆண்டு கழித்துத் தேடிப் போவது பெரும்பாடு. தரையில் ஓடிய நேரத்தையும் சேர்த்து மணியை நீங்களாகக் கூட்டி எழுதாதீர்கள். ஒரு பொருந்தாத எண் முழுக் கோப்பையும் நிறுத்தும்.

அண்மைக்காலப் பறத்தலையும் டிஜிசிஏ கேட்கும். தலைமையகப் பணியில் இரண்டு ஆண்டு தாளோடு உட்கார்ந்தவருக்கு இது இடிக்கும். கடைசிப் பணியிடம் பறக்கும் இடமாக இருக்கும்படி முயற்சி செய்யுங்கள். தாம்பரம் பறத்தல் பயிற்றுநர் பள்ளி போன்ற இடங்களில் இருப்பவர்களுக்கு இந்தக் கவலை குறைவு.

டைப் ரேட்டிங்: அரக்கோணம் ஐஎன்எஸ் ராஜாளியின் பி-8ஐ, போயிங் 737-800-ஐ அடிப்படையாகக் கொண்டது. அதை ஓட்டியவருக்கு 737 பறக்கவிடும் ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ், ஆகாசா, ஸ்பைஸ்ஜெட் ஆகியவற்றில் காக்பிட் பழகியதுதான். ஆனாலும் சிவில் டைப் ரேட்டிங், அதாவது அந்த வகை விமானத்தை ஓட்டுவதற்கான தனித் தகுதி, வேண்டும். சொந்தச் செலவில் செய்தால் பல லட்சம். ஏர்லைன் செய்துகொடுத்தால், இத்தனை ஆண்டு வேலை செய்வேன் என்று அதற்கு பாண்ட் எழுதச் சொல்வார்கள். எத்தனை ஆண்டு, ஆண்டுக்கு ஆண்டு தொகை குறைகிறதா, மருத்துவக் காரணத்தால் நின்றால் விலக்கு உண்டா என்ற மூன்றையும் கேளுங்கள். மூன்றாவதற்கு எழுத்தில் பதில் இல்லையென்றால் கையெழுத்துப் போடாதீர்கள். டிஜிசிஏ விதிப்படி ஏர்லைனை விட்டு விலக ஃபர்ஸ்ட் ஆபிசருக்கு ஆறு மாதம், கமாண்டருக்கு ஓராண்டு முன்னறிவிப்பு வேண்டும் என்பதும் நினைவிருக்கட்டும்.

படி 5: பி.எஸ்.எஸ் விண்ணப்பம்

நடப்பு ஆணையை உங்கள் நிர்வாகப் பிரிவிலிருந்து வாங்கி முழுதாகப் படியுங்கள். நண்பரின் பேட்சுக்குப் பொருந்திய விதி உங்களுக்குப் பொருந்தும் என்பதில்லை. நீண்ட படிப்பு, வெளிநாட்டுப் பயிற்சி, சோதனை விமானி பயிற்சி போன்றவை குறிப்பிட்ட காலம் உங்களைக் கட்டிப்போடும். 17-வது ஆண்டில் வரும் ஒரு நல்ல கோர்ஸை ஏற்கும் முன் இதைப் பாருங்கள்; அதைவிட அதிகம் பேரை வேறெதுவும் தாமதப்படுத்தவில்லை. பிரியும் நாளை 20 ஆண்டுக்கு முந்தைய எந்த நாளிலும் வைக்காதீர்கள். சில மாதக் குறையை முழுமையாக்கிக் கணக்கிடும் விதியை நம்பி நாள் குறிப்பதைவிட இரண்டு மாதம் கூடுதலாக இருந்துவிடுவது பாதுகாப்பு. சேவைக் கணக்கில் சேராத நாட்கள், உதாரணமாகச் சம்பளமில்லா விடுப்பு, இருக்கிறதா என்றும் சரிபாருங்கள்.

படி 6: கம்யூடேஷன்

ஓய்வூதியத்தில் பாதி வரை விற்று மொத்தமாக வாங்கலாம். நம் உதாரணத்தில் 40,050 × 12 × 9.040 (அடுத்த பிறந்தநாளின் வயதுக்கான அட்டவணை எண்), சுமார் 43.4 லட்சம், வரி இல்லை. பதிலுக்கு 15 ஆண்டு மாதம் 40,050 குறையும்; பிறகு முழு ஓய்வூதியம் திரும்பும். மேலோட்டமாகப் பார்த்தால் இது 7.4 விழுக்காடு வட்டிக் கடன் போலத் தெரியும். ஆனால் ஏர்லைன் சம்பளம் வாங்குபவரின் ஓய்வூதியம் உச்ச வரி அடுக்கில், 31.2 விழுக்காட்டில் விழும். விட்டுக்கொடுக்கும் 40,050-ல் கைக்கு வந்திருக்கக்கூடியது 27,550 மட்டும். அப்படிப் பார்த்தால் வட்டி 2 விழுக்காட்டுக்கும் கீழே. அகவிலை நிவாரணம் முழு ஓய்வூதியத்தின் மேல் தொடரும். குடும்ப ஓய்வூதியமும் குறையாது. ஏர்லைன்ஸுக்குப் போகிறவர் பாதியையும் கம்யூட் செய்வதே சரி என்பது எங்கள் கருத்து. சென்னை வீட்டுக் கடனை அடைக்க இதைவிட மலிவான பணம் வேறெங்கும் கிடைக்காது.

அப்சர்வர்களும் ஆயுத அமைப்பு இயக்குநர்களும்

விமானத்தில் சென்சாரையும் ஆயுதங்களையும் இயக்கும், ஆனால் விமானம் ஓட்டாத உங்களுக்கு, படி 3-ன் ஏர்லைன்ஸ் பக்கமே வேறு. பயணிகள் விமானத்தில் உங்கள் இருக்கைக்கு இணையான வேலை இல்லை. படைத் தகுதியை வைத்து மாற்றிக்கொள்ளும் சிவில் உரிமமும் இல்லை. கடற்கண்காணிப்பு, சென்சார், பணித் திட்டமிடல் அனுபவத்துக்கு ஆளில்லா விமான நிறுவனங்கள், பாதுகாப்பு உற்பத்தி, சிமுலேட்டர் பயிற்சி, ஏர்லைன் இயக்கக் கட்டுப்பாட்டு மையம், விமானப் பாதுகாப்புத் துறை ஆகியவற்றில் இடம் உண்டு. சம்பளம் கேப்டன் அளவுக்கு வராது என்பதால், 20 ஆண்டுக்கு முன் பிரிவது உங்களுக்குப் பெரும்பாலும் நட்டக் கணக்கு. 40 வயதில் சொந்தச் செலவில் விமானி உரிமம் எடுக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. 200 மணியோடு வரிசையில் நிற்கப் போவது இருபது வயதுப் பிள்ளைகளோடு. ஓய்வூதியம் வரத் தொடங்கிய பிறகு, கையிருப்பில் கைவைக்காமல் முடியும் என்றால் மட்டும் யோசியுங்கள்.

படி 7: தாள்கள்

ஓய்வூதியம் பாதுகாப்புத் துறையின் ஸ்பர்ஷ் என்ற ஓய்வூதிய இணையதளம் வழியாக வருகிறது. ஓய்வூதிய ஆணை வந்ததும் ஐந்து விவரங்களைப் பாருங்கள்: கடைசிப் பேசிக், ராணுவச் சேவை ஊதியம் சேர்ந்திருக்கிறதா, தகுதிச் சேவைக் காலம், கம்யூடேஷன் தொடங்கும் நாள், மனைவி அல்லது கணவரின் பெயரும் பிறந்த தேதியும். கடைசியில் உள்ளது ஆதாரோடு ஓர் எழுத்து மாறினாலும் குடும்ப ஓய்வூதியம் பின்னாளில் சிக்கும். கம்யூடேஷன் தொடங்கும் நாளைத் தனியாகக் குறித்து வையுங்கள். 15 ஆண்டு அந்த நாளிலிருந்துதான் எண்ணப்படும். பிழை இருந்தால் இணையதளத்தில் புகார் பதிவுசெய்து, அந்த எண்ணோடு தேனாம்பேட்டை அண்ணா சாலையிலுள்ள பாதுகாப்புக் கணக்குக் கட்டுப்பாட்டு அலுவலகத்தின் ஸ்பர்ஷ் சேவை மையத்துக்கு நேரில் போங்கள். இசிஎச்எஸ் அட்டைக்கான விண்ணப்பத்தைச் சீருடையைக் கழற்றும் முன்பே, யூனிட்டில் இருக்கும்போதே தொடங்கிவிடுங்கள்; வெளியே வந்த பிறகு அதே கையெழுத்துக்கு நீங்கள் பார்வையாளர் பாஸ் எடுக்க வேண்டியிருக்கும்.